மெமரி கார்டில் ஆஃப்லைன் மேப்: கேள்வி-பதில்

கேள்வி: கார்டு போட்ட பிறகும் மேப் எல்லாம் போனிலேயே இறங்குகிறது. ஏன்?

கார்டைச் செருகினால் மட்டும் போதாது, ஒவ்வொரு மேப் ஆப்பிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். கூகுள் மேப்ஸில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்' போங்கள். வலது மூலையில் உள்ள செட்டிங்ஸைத் திறந்து, ஸ்டோரேஜ் பகுதியில் 'டிவைஸ்' என்றிருப்பதை 'எஸ்டி கார்டு' என்று மாற்றுங்கள். மேப்பை டவுன்லோடு செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. ஆஸ்மாண்ட் என்ற மேப் ஆப்பில் செட்டிங்ஸ், ஆஸ்மாண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஸ்டோரேஜ் ஃபோல்டர் என்று போக வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ் என்ற இன்னொரு ஆப்பிலும் செட்டிங்ஸுக்குள்ளேயே மேப் சேமிக்கும் இடத்தை மாற்றலாம்.

இடம் மாற்றும்போது, ஏற்கெனவே இருக்கும் மேப்பையும் நகர்த்தவா என்று கேட்டால் சரி என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சில ஜிபி நகரப் பல நிமிடம் பிடிக்கும். நடுவில் ஆப்பை மூடினால் பாதி இங்கே, பாதி அங்கே என்று கிடக்கும்.

கேள்வி: கார்டை 'இன்டர்னல்' ஆக்குவதா, 'போர்ட்டபிள்' ஆக்குவதா?

மேப்புக்குப் போர்ட்டபிள்தான், அதாவது கழற்றி வேறு கருவியிலும் படிக்கக்கூடிய கார்டாக வைப்பது. கார்டை இன்டர்னல், அதாவது போனின் சொந்த ஸ்டோரேஜின் பகுதி, ஆக்கும் வசதி ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது. அப்படி ஆக்கினால் கார்டு முழுக்க அந்த ஒரு போன் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டு, என்கிரிப்ட் ஆகிவிடும். போன் பழுதானால், கார்டை வேறு எதில் போட்டாலும் படிக்க முடியாது. கூகுள் மேப்ஸும் ஆண்ட்ராய்டு 6 முதல் போர்ட்டபிள் கார்டில் மட்டுமே ஆஃப்லைன் மேப்பைச் சேமிக்கும்.

கேள்வி: ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தேன். கார்டில் இருந்த மேப்பும் சேர்ந்து போய்விட்டது. கார்டு தனிதானே?

கார்டு தனி, ஆனால் ஃபோல்டர் ஆப்புடையது. கார்டில் 'ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டருக்குள் 'டேட்டா', அதற்குள் ஆப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். மேப் அங்கேதான் இறங்குகிறது. ஆப் போனால் அந்த ஃபோல்டரையும் ஆண்ட்ராய்டு அழித்துவிடும். அழிந்த மேப்பை மீட்கும் முயற்சியில் இறங்க வேண்டாம், திரும்ப டவுன்லோடு செய்வதே வேகம்.

வருத்தமான இழப்பு வேறொன்று: நீங்கள் குறித்து வைத்த இடங்களும் பதிவு செய்த பாதைகளும். அவை எந்த சர்வரிலும் இல்லாமல் இருக்கலாம். மாதம் ஒருமுறையாவது ஜிபிஎக்ஸ் ஃபைலாக (இடங்களையும் பாதைகளையும் சேமிக்கும் பொதுவான ஃபைல் வகை) எக்ஸ்போர்ட் செய்து, ஆப்பின் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: புதுக் கார்டுக்கு எல்லாவற்றையும் காப்பி செய்தேன். ஆப் 'மேப் இல்லை' என்கிறது.

ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆப் நினைவில் வைத்திருப்பது பழைய கார்டின் எண்ணை. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: புதுக் கார்டைப் போனில் போட்டு, ஆப்பைத் திறந்து ஸ்டோரேஜ் இடமாக அதைத் தேர்ந்தெடுங்கள். ஆப் தன் ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். பிறகு போனை ஆஃப் செய்து, கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் அந்த ஃபோல்டருக்குள் ஃபைல்களைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் போனில் உள்ள ஃபைல் மேனேஜர்கள் பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள் நுழைய முடியாது. கணினியில் செய்யச் சொல்வது அதனால்தான்.

ஆஸ்மாண்டில் இன்னொன்றையும் பாருங்கள். இலவசப் பதிப்பின் ஃபோல்டரும் ஆஸ்மாண்ட் பிளஸ்ஸின் ஃபோல்டரும் வேறு வேறு, பிளஸ்ஸின் ஃபோல்டர் பெயர் 'பிளஸ்' என்று முடியும். ஒன்றில் போட்டது மற்றதன் கண்ணில் படாது.

கேள்வி: பெரிய மேப் ஃபைல் ஒன்று 4 ஜிபி அருகே வந்து நின்றுவிடுகிறது.

கார்டு ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் தனி ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது, கார்டில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும். கணினியில் பேக்கப் எடுத்துவிட்டு இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், உங்கள் போன் அதைப் படிக்குமானால். படிக்காவிட்டால், மாநிலம் அல்லது மாவட்ட அளவில் பிரித்துத் தரப்படும் மேப்பை எடுங்கள்.

கேள்வி: சாட்டிலைட் படத் துண்டுகள் மொத்தம் 50 எம்பிதான். கார்டில் 1 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கிறதே?

கணக்குப் போட்டால் புரியும். 64 ஜிபி எக்ஸ்ஃபேட் கார்டு இடத்தை வழக்கமாக 128 கேபி கட்டங்களாகப் பிரிக்கிறது. எவ்வளவு சின்ன ஃபைலாக இருந்தாலும் ஒரு முழுக் கட்டம் அதற்குப் போய்விடும். 5 கேபி படங்கள் 10,000 இருந்தால் உண்மையான அளவு 50 எம்பி, கார்டில் பிடிக்கும் இடமோ சுமார் 1.28 ஜிபி. காப்பி செய்யவும் அழிக்கவும் யுகமாகும்.

தீர்வு, எல்லாத் துண்டுகளையும் ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் வைப்பது. ஆப்பில் எஸ்க்யூலைட், எம்பிடைல்ஸ் என்ற அத்தகைய ஃபைல் வகைகளின் பெயர் கண்ணில் பட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஜூமையும் அடக்கி வையுங்கள். ஜூம் ஒவ்வொரு நிலை கூடும்போதும் துண்டுகள் நான்கு மடங்காகும். 14-ஆம் நிலையில் 1,000 துண்டுகள் என்றால் 17-ஆம் நிலையில் 64,000. தெருவும் வழியும் போதுமென்றால் படத் துண்டுகளுக்குப் பதிலாகக் கோடுகளும் புள்ளிகளுமாகச் சேமிக்கும் வெக்டர் மேப்பே சிறந்தது.

கேள்வி: எந்தக் கார்டு வாங்குவது?

அட்டையில் 'ஏ1' என்ற குறியைத் தேடுங்கள். 'கிளாஸ் 10', 'வி30' எல்லாம் வீடியோவைத் தொடர்ச்சியாக எழுதும் வேகம். திரையில் மேப்பை நகர்த்திப் பார்க்கும்போது ஆப் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துணுக்குகளைப் படிக்கிறது. ஏ1 கார்டு அப்படி நொடிக்கு 1,500 முறையாவது படிக்கும் என்பது தர விதி. ஏ2-வுக்கு விதி 4,000. ஆனால் போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், இல்லையேல் கூடுதல் காசு வீண்.

கேள்வி: 128 ஜிபி கார்டில் 30 ஜிபி தாண்டியதும் மேப் கெட்டுப்போகிறது.

போலிக் கார்டாக இருக்கலாம். உள்ளே குறைந்த கொள்ளளவே இருக்கும், 128 என்று பொய் சொல்லும். உண்மையான இடம் நிரம்பியதும் புதிதாக எழுதுவது தொலைந்துபோகும், அல்லது பழையதன் மேலேயே விழும். கார்டைக் காலி செய்து, விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3' கொண்டு முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பிழை காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்தாலும் அது சரியாகாது.