16,500 வெள்ளி பேஸ் கிட்டார், லோன் போட்டு வாங்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். நான் சுங்கை சிப்புட்காரன், வயசு 34. செம்பனை மில்லுல டெக்னிஷியன், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் புடிச்சது போக கைக்கு 3,000 வெள்ளி வரும். ஒய்ஃப் வீட்டுல பிள்ளைங்கள பாத்துக்கிறாங்க. வீடு, காடி, பிள்ளைங்க செலவுன்னு மாசம் 2,900 ஓடிடும். வாரக்கடைசில ஒரு பேண்டுல பேஸ் வாசிக்கிறேன், கல்யாண டின்னர், கோயில் திருவிழான்னு மாசத்துக்கு அஞ்சு ஷோ, ஒரு ஷோவுக்கு 250. சேமிப்பு 11,000 இருக்கு. இப்ப ரெண்டு ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸ் பாத்து வச்சிருக்கேன். ஒன்னு புது சடோவ்ஸ்கி மெட்ரோலைன், 16,500. இன்னொன்னு கிள்ளான்ல ஒருத்தர் விக்கிற மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஃபைவ் ஸ்பெஷல், செகண்ட் ஹேண்ட், 8,800. மனசு சடோவ்ஸ்கி மேல. பேங்க்ல 6 பெர்சன்ட் ஃப்ளாட், அஞ்சு வருஷம் பெர்சனல் லோன் தர்றாங்க. இபிஎஃப் ஃப்ளெக்ஸிபல் கணக்குல 4,200 கிடக்கு, அதையும் எடுக்கலாம். மாமியார் வேற கூட்டு (சீட்டு) எடுத்து தர்றேங்கறாங்க. எதை வாங்கறது, எந்தக் காசுல வாங்கறது?

பதில்: தம்பி, மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், நானும் ஒரு காலத்துல கீபோர்ட் வாசிச்சவன், அதனால "எதுக்குப்பா இவ்ளோ வெலைல"ன்னு கேக்கற ஆளு நான் இல்ல. சடோவ்ஸ்கி மேல மனசு போறது தப்பே இல்ல. நியூயார்க்ல ரோஜர் சடோவ்ஸ்கி ஆரம்பிச்ச பேரு அது, மெட்ரோலைன் முன்னாடி ஜப்பான்ல செஞ்சாங்க, 2020லருந்து ஜெர்மனில வார்விக் ஃபேக்டரில செய்யறாங்க. அதுக்குள்ள இருக்கற ப்ரீஆம்ப்ல (சத்தத்த ஏத்தற சர்க்யூட்) பேஸ், ட்ரெபிள் ரெண்டையும் ஏத்தத்தான் முடியும், இறக்க முடியாது, ட்ரெபிள இறக்கணும்னா வின்டேஜ் டோன்னு தனியா ஒரு நாப் இருக்கு. ரசிச்சு செஞ்ச சாமான். ஆனா நீ கேட்டது எது நல்லா சத்தம் குடுக்கும்னு இல்ல, எந்தக் காசுலன்னு கேட்டிருக்க. அங்க இருந்தே வர்றேன்.

மாமியார் கூட்டு. அதை இங்கயே நிறுத்திக்கோ. கூட்டு நடத்தறது இந்த நாட்டுல 1971லருந்தே சட்டப்படி தடை, அந்தச் சட்டத்தோட பேருலயே "கூட்டு"ங்கற நம்ம வார்த்தைய அப்படியே போட்டு வச்சிருக்கான், பெருமைப்படறதா வெக்கப்படறதான்னு எனக்கு இன்னும் தெரியல. நடத்தறவங்க ராவோட ராவா ஓடிப்போனா போலீஸ் ஸ்டேஷன்ல போயி நீ என்னன்னு சொல்லுவ? மாமியார் மனசு கோணாம நாசூக்கா வேணாம்னு சொல்லிடு.

அடுத்து லோன். 6 பெர்சன்ட்னு கேட்டா சின்னதா தெரியுது. ஃப்ளாட்னா என்ன அர்த்தம்னா நீ மாசாமாசம் அசலைக் கட்டிக்கிட்டே வந்தாலும் வட்டிய மட்டும் முழு 16,500க்கே போடுவான், கடைசி மாசம் வரைக்கும். வருஷத்துக்கு 990, அஞ்சு வருஷத்துக்கு 4,950. மொத்தம் 21,450, மாசம் 357 வெள்ளி 50 காசு. உண்மையான வட்டின்னு கணக்கு பாத்தா கிட்டத்தட்ட 11 பெர்சன்ட் வருது. பேங்க் ஆபீசர்கிட்ட "எஃபெக்டிவ் ரேட் எவ்ளோ"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரு, ஃபார்ம்ல பொடி எழுத்துல எங்கயாச்சும் இருக்கும்.

சரி, ஷோ காசுல கட்டிடலாம்னு நெனப்ப. அஞ்சு ஷோவுக்கு 1,250ன்னு எழுதியிருக்க, ஆனா ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் போயிட்டு வர்ற எண்ணெய், டோல், நடுராத்திரி மாமாக் கடைல நாலு பேரா உக்காந்து சாப்பிடறது, ஸ்ட்ரிங் மாத்தறது எல்லாம் யாரு குடுக்கறா? 400 கழிச்சு 850ன்னு வச்சுக்குவோம். அதுவும் எல்லா மாசமும் வராது தம்பி. ஆடில எவன் வீட்டுல கல்யாண டின்னர் வைக்கறான்? மார்கழிலயும் அதே கதைதான். லோன் தவணைக்கு ஆடியும் தெரியாது மார்கழியும் தெரியாது, அந்த மாசமெல்லாம் 357 வெள்ளி உன் சம்பளத்துலருந்துதான் போகணும், சம்பளத்துல செலவு போக மிச்சம் 100 வெள்ளி.

இதை நான் அனுபவிச்சே சொல்றேன். தோட்டத்து லயத்துல இருந்தப்ப 20 வயசுல பட்டணத்துல ஒரு கடைல தவணைக்கு கீபோர்ட் எடுத்தேன், மஞ்சள் கலர்ல ஒரு அட்டை குடுப்பான், மாசாமாசம் கட்டினா சாப் (முத்திரை) குத்துவான். தை மாசிலல்லாம் ஜோரா குத்தினான். ஆடி வந்துச்சு, ஒரு ஷோவும் இல்ல, ரெண்டு மாசம் அம்மா மாட்டுப்பால் வித்த காச எடுத்துக் குடுத்தாங்க. ஒன்னும் திட்டல, அதுதான் இன்னும் உறுத்துது. அந்த அட்டைல அந்த ரெண்டு சாப்பு மட்டும் லேசா சாஞ்சு விழுந்திருந்துச்சு, ஏன்னு தெரியல, எனக்கு அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

இபிஎஃப் ஃப்ளெக்ஸிபல் கணக்கு 2024 மே மாசம் வந்ததுலருந்து இந்த மாதிரி கேள்வி எனக்கு நெறைய வருது. எடுக்கலாம், 50 வெள்ளிக்கு மேல எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. ஆனா அது சும்மா கிடக்கற காசு இல்ல, மத்த ரெண்டு கணக்குக்கும் என்ன டிவிடென்டோ அதேதான் இதுக்கும், 2024க்கு 6.30 பெர்சன்ட் குடுத்தாங்க. இனிமே வருஷத்துக்கு 5.5தான் வருதுன்னு கொறச்சே வச்சுக்கிட்டாலும் உன் 4,200 நீ 55 வயசுக்கு வர்றப்ப 12,900 கிட்ட நிக்கும். பிள்ளைக்கு ஆஸ்பத்திரி செலவுன்னா எடு, நானே எடுக்கச் சொல்லுவேன். பேஸுக்கு வேணாம்.

இப்ப ரெண்டு கிட்டாருக்கு வர்றேன். ஃபைவ் ஸ்ட்ரிங் உனக்குத் தேவையா இல்லையான்னு நான் கேக்கல, பாடறவங்க தொண்டை கட்டிப்போயி "ஸ்கேல் கொஞ்சம் இறக்குங்க"ன்னு சொன்னா டி, ஈ ஃப்ளாட்டுக்கெல்லாம் லோ பி, அதான் அந்த தடிச்ச அஞ்சாவது ஸ்ட்ரிங், இருந்தாத்தான் நிம்மதி, எனக்குத் தெரியும். ஆனா அந்த பிய விரல் வைக்காம சுண்டினா 31 ஹெர்ட்ஸ். நீ வாசிக்கிற டின்னர் ஹால் ஸ்பீக்கர்ல அந்த அடி எங்க ஒழுங்கா வரப்போகுது? சனம் கேக்கறதெல்லாம் அதுக்கு மேல வர்ற 62, 93 ஹெர்ட்ஸ்தான், மிச்சத்த உருமி தின்னுடும். ஸ்டிங்ரேக்கும் சடோவ்ஸ்கிக்கும் நடுவுல இருக்கற 7,700 வெள்ளி வித்தியாசத்த அந்த ஹால்ல உன் ட்ரம்மர் கேப்பான், நீ கேப்ப, பொண்ணு மாப்பிள்ளைக்கு சத்தியமா கேக்காது. சடோவ்ஸ்கி வாங்கிட்டேன்னு பேண்ட் லீடர் 250ஐ 300 ஆக்குவாரா? கேட்டுப் பாரு, சிரிப்பாரு.

இன்னொன்னும் இருக்கு, நாளைக்கு அவசரத்துக்கு விக்கணும்னா எது போகும்? ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்கறவனே கம்மி, அதுல சடோவ்ஸ்கி பேரு தெரிஞ்சவன் அதுலயும் கம்மி. ஸ்டிங்ரே ஃபைவ் 1987லருந்து வருது, சர்ச்சுல வாசிக்கிற பையன்லருந்து கேஎல் செஷன் ஆளு வரைக்கும் அந்தப் பேரு தெரியும். புது சாமான்ல மொத அடி எப்பவும் மொத ஓனருக்குத்தான் விழும், கிள்ளான்காரரு அந்த அடிய உனக்காக வாங்கிட்டாரு.

அதனால ஸ்டிங்ரே, ரொக்கத்துல. ஆனா இன்னைக்கு இல்ல. மூணு மாசச் செலவு 8,700, அதத் தொடாத. மிச்சம் 2,300. இப்ப வச்சிருக்கற பழைய பேஸ் என்ன மாடல்னு எழுதல, 1,200க்கு போகும்னு வச்சா 3,500. இன்னும் 5,300 வேணும், மாசம் 850 ஒதுக்கினா ஆறு மாசம் சொச்சம், நடுவுல ஆடி வந்தா ஏழு. பழைய பேஸ கடைசி மாசம்தான் விக்கணும், இல்லன்னா ஷோவுக்கு எதை வாசிப்ப. அதுக்குள்ள கிள்ளான்காரரு வித்துடுவாருன்னு பயந்தா, விக்கட்டும் விடு, 2018லருந்து வர்ற மாடல், இன்னொன்னு வரும். முன்பணம் மட்டும் அனுப்பிடாத, ஆளையும் சாமானையும் கண்ணால பாக்காம ஒரு காசு போகக்கூடாது.

ஷோ வருமானத்த வரில காட்டறியான்னு ஒன்னும் எழுதல. பிசினஸ்னு காட்டினா சம்பளக்காரங்க போடற பிஇ ஃபார்ம் இல்ல, பி ஃபார்ம் போடணும், அப்ப இந்த பேஸுக்கு கேபிட்டல் அலவன்ஸ் (சாமான் வெலைய வருமானத்துலருந்து கழிக்கற சலுகை) கெடைக்க வாய்ப்பிருக்கு, அதனால ரசீது இல்லாம வாங்காத, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கோ.

பாக்கப் போறப்ப பி ஸ்ட்ரிங்க மொத ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒன்னா அமுக்கிட்டு நடுவுல ஏழாவது எட்டாவது ஃப்ரெட்ல எடவெளி பாரு, ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இருந்தா போதும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்டோட ஒட்டிக்கிட்டா இல்ல சுண்டு விரலே போகும்னா, கழுத்து பாடில சேர்ற எடத்துல ட்ரஸ் ராட் (கழுத்து வளைவ சரி பண்ற உள் கம்பி) சக்கரம் இருக்கும், அதத் திருகிக் காட்டச் சொல்லு, திரும்பலன்னா கெளம்பி வந்துடு. பேட்டரி டப்பாவ தொற. அது 18 வோல்ட், ரெண்டு 9 வோல்ட் பேட்டரி இருக்கணும். ஸ்ட்ரிங்ல துரு புடிச்சிருந்தா ரொம்ப நாளா யாரும் வாசிக்காம வச்சிருந்த சாமானா இருக்கலாம், வெலைல 300 கொறச்சுக் கேளு.