ஜோ பொன்ட்டி: நாற்காலி முதல் கோபுரம் வரை (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜோ பொன்ட்டியின் நாற்காலி பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்துக்குப் போதும் என்பதால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கட்டடக் கலை படிக்கும் மாணவன் நான், சார். பீங்கான் ஜாடி, நாற்காலி, காபி இயந்திரம், 127 மீட்டர் கோபுரம் எல்லாம் ஒரே ஆள் செய்தது என்றால் நம்ப முடியவில்லை. பெயர் அவருடையது, வேலை உதவியாளர்களுடையதா?

உதவியாளர்கள் இருந்தார்கள். அந்தோனியோ ஃபொர்னரோலி, ஆல்பெர்த்தோ ரோஸெல்லி என்று கூட்டாளிகளும் இருந்தார்கள். ஆனால் பொன்ட்டி பெயரை மட்டும் கடன் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற ஆள் இல்லை.

1891இல் மிலானில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி, 1921இல்தான் அங்குள்ள பொலிடெக்னிக்கில் பட்டம் வாங்கினார். அப்போது முப்பது வயது ஆகப்போகிறது. அந்தக் காலத்து மிலானில் பொருள் வடிவமைப்பு என்று தனிப் படிப்பு கிடையாது. விளக்கோ, மேசையோ, கதவுக் கைப்பிடியோ, எது வேண்டுமானாலும் கட்டடக் கலைஞரிடம்தான் போவார்கள். 'கரண்டியிலிருந்து நகரம் வரை' என்று மிலான் கட்டடக் கலைஞர் எர்னஸ்தோ ரோஜர்ஸ் பிற்பாடு சொன்னது அந்த ஊர்க்காரர்களின் வழக்கத்தைத்தான்.

பொன்ட்டிக்கு முதலில் நிலைத்த வேலை கட்டடமே இல்லை, பீங்கான். 1923இல் ரிச்சர்ட் ஜினோரி என்ற பழைய பீங்கான் தொழிற்சாலைக்குக் கலை இயக்குநரானார். பழைய அச்சுகளையே திரும்பத் திரும்ப வார்த்துக்கொண்டிருந்த இடத்தில் புது உருவங்களை வரைந்து கொடுத்தார். இரண்டே வருடத்தில், 1925 பாரிஸ் கண்காட்சியில், பெரும் பரிசு கிடைத்தது.

மொன்ட்டெகாத்தினி என்ற ரசாயன நிறுவனத்துக்காக மிலானில் கட்டி 1938இல் முடிந்த அலுவலகக் கட்டடத்தைப் பாருங்கள். கட்டடத்தோடு உள்ளே இருக்கும் மேசை, நாற்காலி, கைகழுவும் தொட்டி வரை வரைந்தார். தொட்டியைக் கூடவா என்று கேட்காதீர்கள். கட்டடத்துக்குள் போகிறவர் தினமும் தொடுவது தொட்டியைத்தான், வெளிச்சுவரை யார் தொடுகிறார்கள்?

காபி இயந்திரமும் உண்மைதானா?

உண்மைதான். 1948, லா பவோனி என்ற காபி இயந்திர நிறுவனத்துக்காக. படுத்த உருளை, முன்னால் கொம்பு மாதிரி குழாய்கள். கொம்புக்காரி என்றே அதற்குப் பட்டப்பெயர்.

அந்த நாற்காலியில் அப்படி என்ன இருக்கிறது? படத்தைப் பார்த்தால் சாதாரண நாற்காலி மாதிரிதான் தெரிகிறது.

நீங்கள் குறையாகச் சொன்னதைப் பொன்ட்டி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நாற்காலி என்று மட்டும் சொல்லும்படி, முன்னால் எந்த அடைமொழியும் ஒட்டாத ஒரு நாற்காலி வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

நான் அதை முதலில் தொட்டது மிலானில், ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். எல்லா நாற்காலியையும் போல இதையும் மேசைக்கு அடியிலிருந்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் அது என் முழங்காலில் வந்து இடித்தது. கை ஒரு கனத்தை எதிர்பார்த்துப் பலம் போடுகிறது, அந்தக் கனம் அங்கே இல்லை. நண்பர் சிரித்துவிட்டு, முதல் தடவை வருகிற எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது என்றார். எடை 1.7 கிலோ. பெயரே சூப்பர்லெஜெரா, 'மிகமிக இலேசானது'.

இது வெறுங்கையில் முளைத்ததில்லை. லிகூரியாக் கடற்கரையில் கியாவரி என்று ஓர் ஊர். 1807இல் தெஸ்கால்ஸி என்ற தச்சர் அங்கே மெல்லிய காலும் பின்னிய இருக்கையும் வைத்து ஒரு நாற்காலி செய்தார். ஊர்ப் பெயரிலேயே அது பரவியது. பொன்ட்டி அந்த நாற்காலியை எடுத்து, இதிலிருந்து இன்னும் எதைக் கழிக்கலாம் என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். 1950களின் தொடக்கத்தில் மேதா ஊரின் காஸினா பட்டறையில் 'லெஜெரா', அதாவது 'இலேசானது', வந்தது. வேறொருவராக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார். இவர் மறுபடி செதுக்கப் போனார். 1957இல் 'மிகமிக' சேர்ந்தது.

சூட்சுமம் காலில் இருக்கிறது. வழக்கமான நாற்காலிக் கால் வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும். இதில் ஆஷ் மரத்தை முக்கோணமாக இழைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் 18 மில்லிமீட்டர்தான். அதே பருமனுள்ள சதுரக் காலோடு பார்த்தால் மரம் பாதிக்கும் குறைவு. முனையில் வெளிச்சம் பட்டு, பக்கம் நிழலில் போய்விடுவதால் கண்ணுக்கு இன்னும் மெலிவாகத் தெரியும். உட்கார்ந்தால் முறிந்துவிடுமோ என்று தோன்றும், முறியாது. முதுகுச் சட்டம் இருக்கைக்கு மேலே கொஞ்சம் பின்னால் சாய்கிறது. இருக்கை பிரம்புப் பின்னல். அவ்வளவுதான், மெத்தையும் இல்லை, சித்திர வேலையும் இல்லை.

இது வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. நாற்காலியைப் பற்றி அந்த வயதிலும் ஒருவர் தூக்கம் கெட்டிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

நாலாவது மாடியிலிருந்து தூக்கிப் போட்டும் உடையவில்லை என்கிறார்களே?

காஸினா பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை அது. போட்டார்களாம், பந்து மாதிரி துள்ளியதாம். நான் போட்டுப் பார்க்கவில்லை, நண்பர் விடவும் மாட்டார். ஒரு சிறுவன் ஒற்றை விரலில் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் விளம்பரப் படம் ஒன்று உண்டு. அதை மட்டும் செய்து பார்த்தேன். விரல் வலிக்கவில்லை.

அசலா நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஏமாறப் பார்த்த கதையைச் சொல்கிறேன். மிலானில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் மூலையில் இதே சாயலில் ஒன்று இருந்தது. கடைக்காரர் பொன்ட்டி, சூப்பர்லெஜெரா, ஐம்பதுகள் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கும் வாய் வரை ஆசை. பணத்தை எடுப்பதற்கு முன் சும்மா காலைத் தடவினேன். விரல் வழுக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்துவிட்டது. முனை எங்கே? அது வட்டக் கால், கியாவரி வகை நாற்காலி. தூக்கியதில் எடையும் பொருந்தவில்லை. கடைக்காரரிடம் சொன்னதற்கு, அப்படியா என்று தோளைக் குலுக்கினார். கியாவரி நாற்காலி என்றே சொல்லி நியாயமான விலை கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன், அதுவும் நல்ல நாற்காலிதான். ஆக, முதலில் காலைத் தடவுங்கள். அப்புறம் ஒட்டுச் சீட்டு, முத்திரை எல்லாம் பார்க்கலாம்.

முசோலினி காலத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதை மட்டும் எல்லோரும் தாண்டிப் போகிறார்களே!

வேலை செய்துகொண்டிருந்தார், அந்த ஆட்சிக்கும் சேர்த்து. மிலான் செம்பியோனே பூங்காவில் 1933இல் எழுந்த இரும்புக் கோபுரத்துக்கு அப்போது பெயரே லித்தோரியா, ஃபாசிஸ்டுகளின் சின்னத்திலிருந்து வந்த பெயர். இன்று பிராங்கா கோபுரம் என்கிறார்கள். ரோம் பல்கலைக்கழக வளாகத்தில் 1935இல் முடிந்த கணிதக் கட்டடமும் அவருடையதுதான். அந்தக் கட்டடம் எனக்குப் பிடிக்கும், அதைக் கட்டச் சொன்னவர்களைப் பிடிக்காது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'தோமுஸ்' பத்திரிகை அவருடையதா?

ஆமாம், 1928இல் தொடங்கியவர் அவர். 1941இல் விலகி 'ஸ்தீலெ' என்று இன்னொன்று நடத்தினார். 1948இல் திரும்பி வந்தவர் கடைசிவரை விடவில்லை. ஊர் உலகத்துக் கட்டடக்காரர்களையெல்லாம் அதில் அறிமுகப்படுத்தினார், தன் வேலைகளையும் சேர்த்துத்தான்.

பிரெல்லி கோபுரத்தின் உச்சியில் மாதா சிலை இருக்கிறதாமே, அலுவலகக் கட்டடத்துக்கு எதற்கு?

மிலான்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. பேராலயத்தின் உச்சியில், ஏறத்தாழ 108 மீட்டரில், பொன் முலாம் பூசிய மாதா நிற்கிறாள். ஊரில் எதுவும் அவளுக்கு மேலே போகக் கூடாது. பொன்ட்டி வரைந்த பிரெல்லி கோபுரமோ 127 மீட்டர். என்ன செய்வது? மாதாவின் சின்னப் பிரதி ஒன்றை அதன் உச்சியில் வைத்துவிட்டார்கள். இப்போதும் மாதாதானே மேலே? இதைவிடச் சாமர்த்தியமான கட்டட விதித் தளர்வை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த மனை பிரெல்லி டயர் நிறுவனத்தின் முதல் ஆலை இருந்த இடம், 1943 குண்டுவீச்சில் அழிந்தது. 1956இல் வேலை தொடங்கி 1960இல் திறப்பு விழா. கான்கிரீட் எலும்புக்கூட்டுக்குப் பொறியாளர்கள் பியர் லூயிஜி நெர்வியும் ஆர்த்தூரோ தனூஸோவும் பொறுப்பு. அந்தக் காலத்து உயரக் கட்டடங்கள் பெரும்பாலும் நேர்ப் பெட்டிகள். இது நடுவில் பருத்து இரண்டு ஓரத்திலும் கூர்ந்து போகிறது. எவ்வளவு நீட்டினாலும் அதே பெட்டிதான் என்பது பொன்ட்டிக்கு ஆகாது. ஒரு வடிவம் எங்காவது முடிய வேண்டும், மேலே ஒட்டவும் பக்கத்தில் சேர்க்கவும் இடமே இருக்கக் கூடாது என்பார். யோசித்தால் நாற்காலிக் காலின் கணக்குதான் இது. ஓரத்தை மெலிய விட்டால் மொத்தமும் மெலிந்து தெரியும்.

1978இல் லொம்பார்தி மாநில அரசு கோபுரத்தை வாங்கியது. 2002 ஏப்ரலில் சிறு விமானம் ஒன்று மோதி மூன்று பேர் இறந்தார்கள். பழுது பார்த்து எழுப்பிவிட்டார்கள், இன்றும் நிற்கிறது.

இத்தாலிக்கு வெளியே கட்டினாரா?

வெனிசுவேலாவின் கராகஸில் பிளான்சார்ட் தம்பதிக்கு ஒரு வீடு, 1957இல் முடிந்தது. அமெரிக்காவில் டென்வர் கலை அருங்காட்சியகம், ஜேம்ஸ் சட்லருடன் சேர்ந்து. 1971இல் திறந்தபோது அவருக்கு எண்பது ஆகப்போகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது இத்தாலிக்குள்ளேயே, சொரெந்தோவில் 1960களின் தொடக்கத்தில் வந்த ஒரு ஹோட்டல். நீலமும் வெள்ளையும் மட்டும் வைத்து முப்பது விதத் தரை ஓடு வரைந்தார். அவற்றை மாற்றி மாற்றிப் பதித்ததில் நூறு அறைக்கு நூறு தரை.

மிலானில் எனக்கு ஒரே ஒரு நாள்தான். பொன்ட்டியின் எதைப் பார்க்க?

ரயிலில் வந்தால் மத்திய நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பிரெல்லி கோபுரம் எதிரில் நிற்கும். முகப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஓரத்துக்கு நடந்து போய் நிமிர்ந்து பாருங்கள். இரண்டு பக்கச் சுவர்களும் கூர்ந்து வந்தும் ஒட்டாமல், நடுவில் கீழிருந்து மேல் வரை ஒரு கீற்று விட்டிருக்கிறார்.

அப்புறம் வியா தெட்ஸா 49. 1957 முதல் 1979இல் இறக்கும்வரை அவர் இருந்த வீடு அந்தக் கட்டடத்தில்தான். உள்ளே மடக்குக் கதவுகளைத் தள்ளினால் வீடு முழுக்க ஒரே அறையாகிவிடும். ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்தே தட்டுகள் அமைத்து, புத்தகமும் ஜாடியும் வெளிச்சத்தில் நிற்கும்படி செய்திருந்தார். மற்றவர்கள் குடியிருக்கும் கட்டடம், அதனால் தெருவில் நின்று பார்ப்பதோடு சரி.

அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் சான் ஃபிரான்செஸ்கோ அல் ஃபொப்போனினோ தேவாலயம், 1964இல் முடிந்தது. கோவில் முகப்பின் இரண்டு பக்கமும் சுவர் நீண்டுகொண்டு போகிறது. அந்தச் சுவரில் அறுகோண ஜன்னல்கள், கண்ணாடி கிடையாது, பின்னால் அறையும் கிடையாது. மேகம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். ஒரு ஜன்னலில் நுழையும் மேகம் அடுத்த ஜன்னலில் வெளியே வரும்.