தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்க இணையம் உண்மையில் உதவுகிறதா?

கேட்டவர் புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர். ஸ்மார்ட் போர்ட் இல்லை, ஒரு போனும் லப்டொப்பும்தான் இருக்கிறது, எதிலிருந்து தொடங்கலாம் என்கிறார். நான் கொழும்பு வடக்கில் தமிழ்மொழி மூலப் பாடசாலை ஒன்றில் பதினான்கு வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். உதவும். ஆனால் நான் முதலில் நினைத்த விதத்தில் அல்ல.

முதலில் நான் செய்தது பவர்பொயின்ட். போர்த்துக்கேயர் வருகைக்கு மட்டும் 64 ஸ்லைட், இரண்டு இரவு கண்விழித்து. கடைசிப் பாடவேளை, யன்னலெல்லாம் சாத்திய அறை. இருபதாவது ஸ்லைட் வருவதற்குள் பின்வாங்கில் ஒருவன் குறட்டையே விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தைத்தானே சுவரில் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தேன்!

அப்புறம் ஒரு நாள், காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் படத்தை விக்கிமீடியா கொமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, விளக்கம் எதுவும் இல்லாமல் காட்டினேன். "இதில் என்ன தெரிகிறது?" அவ்வளவுதான் கேள்வி. சீன எழுத்தை எல்லோரும் உடனே சொன்னார்கள். ஒரு பகுதியைப் பெரிதாக்கியபோது முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழ் எழுத்தைத் தேடத் தொடங்கினார்கள். மத்ரஸாவில் ஓதும் ஒரு பையன் மூன்றாவது பகுதியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்து அரபு மாதிரித்தான் இருக்கு சேர், ஆனா வாசிச்சா அரபு வரல்ல" என்றான். அது பாரசீகம். அந்தக் காலத்து இந்துசமுத்திர வணிகத்தில் பாரசீகம் புழங்கிய கதையைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைத்ததில்லை.

கல்லின் திகதி 1409. சீனத் தளபதி செங் ஹவின் கப்பல்களோடு வந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும் (அதாவது தென்கரையிலுள்ள தெவிநுவரை விஷ்ணு), பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கின்றன. கடவுள் மூன்று, காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். இதைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பிள்ளை, "அப்ப சிங்களம் ஏன் இல்ல சேர்?" என்றாள். கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. கல் சீனாவிலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது என்பது அறிஞர் கருத்து. துறைமுகத்து வணிகர் எந்த மொழிகளில் வாசித்திருப்பார்கள் என்று யோசித்து வரச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாளும் வாக்குவாதம் தொடர்ந்தது. 64 ஸ்லைடும் செய்யாத வேலையை ஒரு படம் செய்தது.

இந்தக் கல் 1911இல் காலியில் ஒரு மதகை மூடும் கல்லாகக் கவிழ்ந்து கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போக முடிந்தால் போங்கள். ஆனால் படத்தைப் பார்த்துச் சண்டை பிடித்த பிறகு போங்கள், முதலில் போனால் பிள்ளைகள் செல்பி எடுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அடுத்தது வரைபடம். நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் ஒல்லாந்தர் காலத்து வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கொழும்பு வரைபடம் ஒன்றை எடுத்து, கூகுள் ஏர்த்தின் கணினிப் பதிப்பில் இன்றைய நகரத்தின் மேல் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்குவேன். அச்சொட்டாகப் பொருந்தாது, பரவாயில்லை. கோட்டை, கோட்டை என்று தினமும் பஸ்ஸில் இறங்குகிறோம், மதிலைக் கண்டவர் யாருமில்லை. ஆங்கிலேயர் 1870 வாக்கில் இடித்துவிட்டார்கள். அதற்கு வெளியே இருந்ததால்தான் புறக்கோட்டை. 'பெட்டா' என்ற ஆங்கிலப் பெயரும் நம் பேட்டைதான். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனி கொம்பனித்தெருவின் பெயரில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தை நெடுங்காலம் 'ஸ்லேவ் ஐலன்ட்', அதாவது அடிமைத்தீவு, என்றே அழைத்தார்கள். ஒல்லாந்தர் அடிமைகளை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப். 1656இல் கொழும்பை முற்றுகையிட்டபோது செத்த ஒல்லாந்துத் தளபதி ஹுல்ஃப்டின் பெயர் அது. இதைக் கேட்டபோதுதான் சட்டத்தரணி ஒருவரின் மகன் முதல்முறையாக என் பாடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிறகு, வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியில் ஆளுக்கு ஓர் இடப்பெயரை எடுத்து கூகுள் மை மெப்ஸில் குறிக்கச் சொன்னேன். வகுப்புக்கே ஒரு வரைபடம் வந்தது. பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னது என்று பாதி நம்ப முடியாத கதைகள். எது ஆதாரம், எது கதை என்று பிரிப்பதற்கே இரண்டு பாடவேளை போனது. சாதாரண தரப் பரீட்சையின் இரண்டாம் பத்திரத்தில் வரைபடத்தில் இடம் குறிக்கும் கேள்வி இருப்பதால் அதிபரும் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழில் தேட வேண்டுமென்றால் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளம். பழைய பத்திரிகைகளைத் திறந்து தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு விளம்பரங்களைப் படிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் விலை, சினிமா, கப்பல் டிக்கட். கோப்புகள் பெரியவை, வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போவது நல்லது.

சாட்பொட்? தடுத்துப் பயனில்லை. ஒரு பிள்ளை அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பதிலில் அந்தக் காலிக் கல்லில் சிங்களமும் இருப்பதாக இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் படத்தைக் காட்டி, "எங்க இருக்கு, காட்டு பார்ப்பம்" என்றாள்.

போன், டேட்டா எல்லாப் பிள்ளையிடமும் இருக்காது. எங்கள் பாடசாலைக்குள் அவர்கள் போன் கொண்டுவரவும் முடியாது. புரொஜெக்டர் பழுதான தவணையில் படத்தை ஏ3 தாளில் அச்சடித்து, ஐந்து பேருக்கு ஒன்று என்று கொடுத்தேன். அதுவும் நன்றாகவே ஓடியது. நீங்கள் முதல் தவணையில் ஒரு கல், இரண்டாம் தவணையில் ஒரு வரைபடம் என்று எடுங்கள். மூன்றாம் தவணையில் பாஸ்ட் பேப்பரைத் தவிர வேறெதையும் கையில் எடுக்க விடமாட்டார்கள்.