ஸ்பிரிங் மாத்தினா புல்லட் பறக்குமா? – வண்டி கேள்வி பதில்

கே: சார், அப்பாவோட பழைய காஸ்ட் ஐயர்ன் புல்லட் 350 என்கிட்ட இருக்கு. ஹெவி டியூட்டி வால்வ் ஸ்பிரிங்கும் ஸ்டீல் புஷ் ராடும் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டேன், லீவ்ல மொட்டை மாடியிலயே போட்டுடலாம்னு இருக்கேன். ஈசிஆர்ல இழுவை ஏறுமா? – வாசகர், அயனாவரம்

ப: ஆர்டர் பண்ணிட்டு கேக்குறீங்களே தம்பி, சரி விடுங்க. இழுவை ஏறாது. பெட்ரோல் கலந்த காத்தை உள்ள விட்டு புகையை வெளிய விடுற கதவுதான் வால்வ். அதை எப்ப, எவ்ளோ திறக்கணும்னு முடிவு பண்றது கேம் (எஞ்சினோட சுத்துற மேடு), அந்தத் தள்ளலை மேல கொண்டு போறது புஷ் ராடு, ஸ்பிரிங் மூடி விடுறதோட சரி. 5000 ஆர்பிஎம்ல வால்வ் செகண்டுக்கு 41 தடவைக்கு மேல திறந்து மூடும், அந்த ஓட்டத்துக்கு ஸ்பிரிங் ஈடு குடுக்கலன்னா வால்வ் நேரத்துக்கு மூடாம மிதக்க ஆரம்பிக்கும், கெட்டி ஸ்பிரிங் அதுக்குத்தான். கம்பெனி கேம்ல ஓடுற அப்பா வண்டியை நீங்க அப்படி எங்க விரட்டப் போறீங்க? கேமும், அது மேல உக்காந்து புஷ் ராடைத் தள்ளுற டேப்பட்டும் சீக்கிரம் தேயும், அதான் மிச்சம். ரிட்டர்ன் பண்ண முடிஞ்சா ஸ்பிரிங்கை பண்ணிடுங்க. ஸ்டீல் ராடு கெட்டியா இருக்கும்தான், ஆனா கம்பெனி அலுமினியம் ராடு அளவுக்கு சூட்டுல நீளாது, அதனால டேப்பட் இடைவெளியை புதுசா செட் பண்ணாம ஓட்டாதீங்க.

மாடி வேலைக்கு கை அரிக்குதுன்னா ஹெட்டை (எஞ்சினோட மேல் மூடி) இறக்கி வால்வை அது மூடுற விளிம்பான சீட்ல சரியா உக்கார வைங்க, பைசா செலவில்லாம வண்டி மாறிடும். முதல்ல ஹெட்டுல காத்து போற வழியான போர்ட்ல கொஞ்சம் பெட்ரோல் ஊத்திப் பாருங்க (பீடி சிகரெட் யாரும் பக்கத்துல வரக்கூடாது), வால்வ் ஓரமா கசிஞ்சு வந்தா கிரைண்டிங் பேஸ்ட்டை லேசா தடவி, ரப்பர் குச்சியை உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மோர் கடையுற மாதிரி உருட்டணும், நடுநடுவுல தூக்கித் திருப்பி வச்சு திரும்ப உருட்டணும், சுத்தி ஒரே சீரா சாம்பல் கலர்ல மெல்லிசா வளையம் விழுந்தா நிறுத்திடலாம். பேஸ்ட் துளிகூட மிஞ்சாம கழுவுங்க, இல்லன்னா சிலிண்டர் போர் காலி. வால்வை அதோட தண்டு ஓடுற குழாயான கைடுல விட்டு ஆட்டிப் பாத்தா கடகடன்னு ஆடுதா, அதுக்கு மேல வீட்டு வேலை இல்ல, லேத்துக்கு குடுத்துடுங்க. வால்வ் ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற குட்டி லாக்கைக் கழட்டுறப்போ கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, அது தெறிச்சா எங்க போச்சுன்னே தெரியாது. வால்வை அமுக்குற ராக்கரைத் தாங்குற ராக்கர் பிளாக் ரெண்டும் மேல்பாதி கீழ்பாதி ஜோடி ஜோடியா வரும், மாத்திப் போட்டுடாதீங்க.

கடைசியா டேப்பட். எஞ்சின் ஜில்லுனு இருக்கணும், பிளக்கைக் கழட்டி, கம்ப்ரஷன்ல பிஸ்டன் மேல வர்ற வரைக்கும் மெதுவா கிக்கரை அமுக்குங்க. புஷ் ராடு ரெண்டு விரல்ல ஈஸியா சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. லாக் நட்டை டைட் பண்ணதும் திரும்ப சுத்திப் பாருங்க, பாதி நேரம் அங்கதான் மாறிடும். நான் பழகுன காலத்துல சத்தமே வரக்கூடாதுன்னு டைட்டா வச்சேன், வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடுச்சு, எனக்கு ஒரே பெருமை. வால்வ் முழுசா மூடாததால சூடு சீட்டுக்கு இறங்க வழியில்லாம எக்ஸாஸ்ட் வால்வோட ஓரம் எலி கடிச்ச அப்பளமாட்டம் ஆயிடுச்சு. புது வால்வுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜி.பி. ரோட்டுக்கு நடந்தே போனேன்.

கே: 2014 கிளாசிக் 350. காலைல ஸ்டார்ட் பண்ணா டக் டக்னு சத்தம். டேப்பட் டைட் பண்ணணுமா? – வாசகி, பெரம்பூர்

ப: அதுல டைட் பண்ண ஒண்ணும் இல்லம்மா. ஹைட்ராலிக் டேப்பட், ஆயில் பிரஷர்லயே இடைவெளியை அதுவே சரி பண்ணிக்கும். ராத்திரி பூரா நின்னா ஆயில் வடிஞ்சிருக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிடணும். சூடானப்புறமும் அடிச்சா முதல்ல ஆயில் லெவலைப் பாருங்க, 15டபிள்யூ-50 கிரேடு ஆயில் தானான்னும் பாருங்க. யாராவது டேப்பட் டைட் பண்றேன்னு காசு கேட்டா சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.

கே: ஆர்எக்ஸ் 100க்கு பெரிய வால்வ் புதுப்பேட்டையில கிடைக்குமா? – வாசகர், வியாசர்பாடி

ப: புதுப்பேட்டையில எது வேணா கிடைக்கும் ப்ரோ, ஆனா உங்க வண்டி டூ ஸ்ட்ரோக், அதுல இருக்கிறது காத்து உள்ள போக திறக்குற மெல்லிசு இதழ், அதாவது ரீட் வால்வ் மட்டும்தான். இதழ் நுனி பிளந்திருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கிளம்புங்க.