சோமர்ஸ் மர ஆலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், ரயில் விடுகிற கம்பெனிக்கு மரம் அறுக்கிற வேலை எதற்கு?

பதில்: எல்லாம் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டைக்காகத்தான். அமெரிக்காவின் கிரேட் நார்தர்ன் ரயில்வே 1893-ல் சியாட்டில் வரை போய்விட்டது. ஆனால் வழியில் நூற்றுக்கணக்கான மைலுக்கு வெறும் புல்வெளி, மருந்துக்கும் மரம் கிடையாது. ஒரு மைலுக்குச் சுமார் 3,000 கட்டை வேண்டும். அவையும் சில வருஷத்தில் உளுத்துப்போகும். அதனால் ரயில்வேயின் தலைவர் ஜேம்ஸ் ஹில், ஜான் ஓ'பிரையன் என்ற மர வியாபாரியிடம் பேரம் பேசினார். மொன்டானா மாநிலத்தின் காலிஸ்பெல் ஊரிலிருந்து கிளைப்பாதையை ரயில்வே போட்டுத் தரும். அங்கே ஃபிளாட்ஹெட் ஏரி வடகரையில் ஆலை கட்டி, ஆண்டுக்கு 6 லட்சம் கட்டை அவர் தர வேண்டும். 1901-ல் ஆலை ஓடியது.

கேள்வி: அப்போ முதலாளி ஓ'பிரையன்தானே?

பதில்: கொஞ்ச காலம். 1906-ல் ரயில்வே அவரை விலக்கி, சோமர்ஸ் லம்பர் கம்பெனி என்று பெயர் மாற்றியது. ஆலை இருந்த ஊரான சோமர்ஸின் பெயரே ஒரு ரயில்வே அதிகாரியின் பெயர்தான். தொழிலாளர் வீடுகளும் கம்பெனியுடையவை. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே முதலாளி என்றால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

கேள்வி: அண்ணே, லாரி இல்லாத காலத்தில் மரம் எப்படி வந்தது?

பதில்: ஆற்றில்தான். குளிர்காலத்தில் வெட்டி, குதிரைச் சறுக்குவண்டியில் பனிமேல் இழுத்துக் கரையில் குவிப்பார்கள். வசந்தத்தில் பனி உருகி ஸ்டில்வாட்டர் ஆறு பெருகியதும் உருட்டிவிடுவார்கள். அடியில் ஆணி அடித்த பூட்ஸோடு, கொக்கிக் கழியைப் பிடித்தபடி உருளும் மரத்தின் மேலேயே ஆட்கள் நடப்பார்கள். சிக்கிய மரத்தை நெம்பி விடுவதுதான் வேலை. கால் இடறினால் பனித்தண்ணீர். ஏரியில் மரங்களைச் சங்கிலியால் கோத்து வேலிபோல் வளைத்து, உள்ளே மற்றவை மிதக்க, நீராவிப் படகு மெதுவாக இழுத்து வரும். லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் அடிமரம் நல்ல கனம். வழியிலேயே மூழ்கியதும் உண்டு.

கேள்வி: எப்போது மூடினார்கள்?

பதில்: 1948-ல். ஆனால் அறுத்த கட்டை உளுக்காமலிருக்க மருந்தேற்றும் பிரிவு 1986 வரை இருந்தது. கட்டைகளை டிராலியில் அடுக்கி நீளமான இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவை இறுக்கி, அழுத்தம் கொடுத்து மருந்தை ஏற்றுவார்கள். முதலில் ஜிங்க் குளோரைடு, அப்புறம் கிரியோசோட் என்ற தார் எண்ணெய். அந்தக் கழிவு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கி, சுத்தம் செய்ய அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையே வர வேண்டியதாயிற்று. ஆலையின் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சுலபமாக விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: ஆலை இல்லை. காலிஸ்பெல் கிளைப்பாதை போன தடத்தில் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் ஏரிக்கரை வரை போகலாம்.