ராம்ப்ளரை மறந்து எழுதிய ஒரு வரி

கேள்வி: சென்ற இதழ்க் கட்டுரை ஒன்றில், ‘1973 பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு ஜப்பான் கம்பெனிகள் வந்துதான் அமெரிக்கர்களுக்குச் சின்ன காரைக் காட்டின’ என்று இருந்தது. அதுவரை அங்கே யாருமே சின்ன கார் செய்யவில்லையா? கப்பல் மாதிரி கார் இருந்தால்தான் கௌரவம் என்று நினைக்கிற மக்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

பதில்: அந்த வரி தவறு. அச்சுக்குப் போகும் முன் நான் பிடித்திருக்க வேண்டும், தவறவிட்டேன். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் 1950-லேயே சின்ன காரைத் தேடி வாங்கின. அதன் பெயர் நாஷ் ராம்ப்ளர்.

நாஷ் கம்பெனி விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் கார் செய்துகொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று மலைகளுக்கு முன்னால் அது ஒரு குன்று. அதன் தலைவர் ஜார்ஜ் மேசன், கெல்வினேட்டர் ஃப்ரிட்ஜ் கம்பெனியிலிருந்து வந்தவர். 1937-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றானபோது தலைமை அவர் கைக்கு வந்தது. போர்க்காலத்தில், 1942 தொடக்கத்திலேயே, பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோனது. அதனால் போர் முடிந்ததும் நாலு சக்கரத்தோடு எது வந்தாலும் விற்றது. அந்தப் பசி சில வருடங்களில் அடங்கிவிடும், அப்புறம் பெரிய கம்பெனிகளோடு அவர்களுடைய காரையே செய்து மோதினால் பிழைக்க முடியாது என்பது மேசனுக்குத் தெரிந்திருந்தது.

மற்றவர்களும் சின்ன காரை யோசிக்காமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே ‘கேடட்’ என்று ஒரு சின்ன காரை வடிவமைத்து, 1947-ல் கைவிட்டது. காரின் அளவைக் குறைத்தால் செலவு அதே அளவுக்குக் குறையாது. விலையை மட்டும் குறைத்தாக வேண்டும். லாபம் எங்கிருந்து வரும்?

இந்த முடிச்சை மேசன் அவிழ்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1950 ஏப்ரலில் ராம்ப்ளர் வந்தபோது முதலில் கடைக்கு வந்தது கூரை மூடிய மலிவு செடான் அல்ல, கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள். விலை 1,808 டாலர். ரேடியோ, ஹீட்டர், கடிகாரம் எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். மற்ற கம்பெனிகளில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால், ‘காசில்லாமல் சின்னதாக வாங்கியிருக்கிறார்’ என்று சொல்ல இடமே இல்லை.

அந்தக் கூரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வழக்கமான கன்வர்ட்டிபிளில் கண்ணாடிக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. ராம்ப்ளரில் கதவுக்கு மேலே உள்ள பக்கச் சட்டங்கள் அப்படியே நிற்கும். அவற்றின் மேல் விளிம்பில் தடம் இருக்கும். பொத்தானை அழுத்தினால் மின்மோட்டார் துணிக்கூரையை அந்தத் தடத்தில் பின்னுக்கு இழுத்து, ஜன்னல் திரையை ஒதுக்குவதுபோல் மடித்து வைக்கும். இது அழகுக்காக மட்டும் செய்ததல்ல. ராம்ப்ளரில் அடிச்சட்டமான சேஸி தனி, பாடி தனி கிடையாது. எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு. கூரையை முழுக்க வெட்டினால் கூடு தளர்ந்துவிடும். அந்தப் பக்கச் சட்டங்கள் இருந்ததால் உறுதி குறையவில்லை, பின்னால் குழந்தைகளை உட்கார வைத்துக் கூரையைத் திறக்கும்போது அப்பா அம்மாவுக்கும் பயம் குறைவு.

சரி, எவ்வளவு சின்னது? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 100 அங்குலம். அதே ஆண்டு செவர்லேவுக்கு 115. நம் அம்பாசடரைவிட ராம்ப்ளருக்கு மூன்று அங்குலம்தான் அதிகம். ஆறு சிலிண்டர், 82 குதிரைத்திறன். யார் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடுகிறார் என்று பார்க்கும் மொபில்கேஸ் சிக்கன ஓட்டத்தில், 1951-ல், காலனுக்கு 31 மைல் கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர். 1950-லேயே, பின்னால் சாமான் வைக்கக் கூரை நீண்ட ஸ்டேஷன் வேகனும் வந்துவிட்டது. குடும்பங்களுக்கு அதுதான் தோதாக இருந்தது.

குறைகளும் உண்டு. முன்சக்கரங்களின் மேல்பகுதியைத் தகடு மூடியிருந்ததால் திரும்புவதற்கு நிறைய இடம் வேண்டும், டயர் மாற்றுவதும் சிரமம். 1954 வரை நாலு கதவு வண்டியே கிடையாது. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடித்துத்தான் ஏற வேண்டும். சக்கரத்தை மூடிய தகட்டை 1955-ல்தான் வெட்டித் திறந்தார்கள்.

இதோடு கைசர் கம்பெனியின் ஹென்றி ஜே காரை வைத்துப் பாருங்கள். அதே 1950-ல், சில மாதம் கழித்து வந்தது. அதே 100 அங்குலம், விலையும் குறைவு, 1,363 டாலர். குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசுக் கடன் வாங்கிச் செய்த கார் அது. விலையைப் பிடிப்பதற்காக என்னென்ன வெட்டினார்கள் தெரியுமா? முதல் வண்டிகளில் டிக்கிக்கு மூடியே இல்லை. பெட்டி வைக்க வேண்டுமென்றால் பின்சீட்டை மடித்து உள்பக்கமாகத் தள்ள வேண்டும். பின்ஜன்னல் திறக்காது. இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் மூடியுள்ள டிக்கியோடு செவர்லே கிடைக்கும்போது எந்தக் குடும்பம் இதை வாங்கும்? 1954-ல் ஹென்றி ஜே முடிந்தது. மக்கள் ஒதுக்கியது சின்ன காரை அல்ல, வாங்குகிறவரை ஏழை என்று ஊருக்குச் சொல்லும் காரை. ‘கௌரவம்’ என்று நீங்கள் குறை சொல்வது உலகில் எந்தக் குடும்பத்துக்கும் உள்ளதுதான், அமெரிக்கர்களுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல.

1954 மே மாதம் நாஷும் இன்னொரு கார் கம்பெனியான ஹட்சனும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. அக்டோபரில் மேசன் இறந்துவிட்டார். அடுத்து வந்தவர் ஜார்ஜ் ராம்னி, பின்னாளில் மிச்சிகன் கவர்னர் ஆனவர். 1955-ஓடு 100 அங்குல ராம்ப்ளரை நிறுத்தி, அதைவிடச் சற்றுப் பெரிய ராம்ப்ளரை மட்டும் தொடர்ந்தார்கள். நாஷ், ஹட்சன் என்ற பெயர்களையே 1957-ஓடு ராம்னி கைவிட்டார். 1958-ல் பொருளாதார மந்தம். ஃபோர்டு ஏகப்பட்ட பணத்தைக் கொட்டிக் கொண்டுவந்த எட்சல் விற்காமல் நின்ற சமயம் அது. ராம்னி என்ன செய்தார்? மூன்று வருடம் முன்பு நிறுத்திய பழைய சின்ன ராம்ப்ளரின் தகடு அடிக்கும் அச்சுகளைத் திரும்ப எடுத்தார். முன் கிரில்லை மாற்றி, பின்சக்கர வளைவைப் பெரிதாக்கி, ‘ராம்ப்ளர் அமெரிக்கன்’ என்று பெயரிட்டு 1,789 டாலருக்கு விட்டார். நிறுத்திய காரை மறுபடி எடுத்து விற்பது கார் தொழிலில் அபூர்வமான காரியம். அந்த ஆண்டு கம்பெனிக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் லாபம். 1961-ல் செவர்லே, ஃபோர்டுக்கு அடுத்து அமெரிக்காவில் அதிகம் விற்றது ராம்ப்ளர்தான். அதற்கு முன்பே, ராம்ப்ளர் விற்பதைப் பார்த்து, மூன்று பெரிய கம்பெனிகளும் 1959 கடைசியில் கார்வேர், ஃபால்கன், வேலியன்ட் என்று ஆளுக்கொரு சின்ன காரோடு ஓடிவந்தன.

ஜப்பான் கார் எப்போது வந்தது? டொயோட்டா தன் டொயோபெட் கிரவுனை அமெரிக்காவில் விற்கக் கடை திறந்தது 1957 அக்டோபரில். அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்துக்கு அந்த கார் ஈடுகொடுக்கவில்லை. சில வருடங்களில் அந்த மாடலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பின்னால் அவர்கள் ஜெயித்தது உண்மை, அதற்கு உழைத்ததும் உண்மை. ஆனால் கெனோஷா தொழிலாளிகள் செய்த காரை இல்லையென்று சொல்லி அந்தப் பெருமையைத் தர வேண்டியதில்லை. கட்டுரையின் அந்த வரிக்குத் திருத்தம் இதே இதழில், உள்ளடக்கப் பக்கத்தின் கீழே வெளியாகிறது.