ஆப்பிரிக்க மக்களின் பண்பாட்டையும் அன்றாட வாழ்க்கையையும் நிலமும் இயற்கை வளமும் எப்படி மாற்றுகின்றன?

ஆப்பிரிக்கா என்று மொத்தமாகப் பேசினால் எதையும் சரியாகச் சொல்ல முடியாது. 54 நாடுகள் இருக்கின்றன. சகாராவில் ஒட்டகம் மேய்ப்பவருக்கும் காங்கோ ஆற்றில் மீன் பிடிப்பவருக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. நான் சில வருடங்கள் எத்தியோப்பியாவின் ஹவாசாவில் கல்லூரி ஆசிரியராக இருந்தேன் (நம்மூர் ஆசிரியர்கள் நிறையப் பேர் அந்த நாட்டில் வேலை பார்த்திருக்கிறார்கள்). அந்த ஒரு நாட்டை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே உயரம்தான் முதல் கணக்கு. தலைநகர் அடிஸ் அபாபா ஊட்டியைவிட உயரத்தில், சுமார் 2,350 மீட்டரில் இருக்கிறது. வடகிழக்கில் உள்ள டானகில் பள்ளமோ கடல் மட்டத்துக்கும் 100 மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. மக்களே நிலத்தை அப்படித்தான் பிரித்துப் பேசுகிறார்கள்: வெக்கையான தாழ்நிலம் கொல்லா, நடுமலை வொய்னா தெகா, குளிரான மேட்டுநிலம் தெகா. கொல்லா என்றால் சோளமும் கால்நடையும். தெகா என்றால் பார்லி, செம்மறி, தோளில் கனமான பருத்திப் போர்வை. நடுவில் தெஃப் என்ற பொடித் தானியமும் காப்பியும் விளைகின்றன. தெஃப் மாவைப் புளிக்க வைத்துச் சுடுகிற இஞ்செரா இல்லாமல் மேட்டுநிலத்தில் சாப்பாடு முழுமையாகாது.

தெற்கே சிதாமா, குராகே பகுதிகளுக்குப் போனால் வீட்டுக் கொல்லையில் என்செட் நிற்கும். வாழைக் குடும்பத்துச் செடிதான், பார்த்தால் வாழை என்றே நினைப்போம். ஆனால் அதன் பழத்தை யாரும் தின்பதில்லை. உணவு அடித்தண்டிலும் கிழங்கிலும் இருக்கிறது. செடி முற்றச் சில வருடங்கள் ஆகும். பெண்கள் தண்டின் மட்டையைச் சாய்த்து வைத்த பலகையில் அழுத்திப் பிடித்து, மூங்கில் பட்டையால் சுரண்டிச் சதையை எடுப்பார்கள். அதை என்செட் இலையிலேயே பொதிந்து குழிக்குள் புதைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் புளித்த பிறகு எடுத்துப் பிசைந்து சுட்டால் கொச்சோ ரொட்டி. அந்தப் புளித்த வாடை பழகக் கொஞ்ச நாளாகும். மழை பொய்த்த வருடத்திலும் கொல்லையில் நிற்கிற செடியை வெட்டிச் சாப்பிடலாம் என்பதால், ஒரு குடும்பத்தின் நிலைமையை அதன் என்செட் தோட்டத்தைப் பார்த்தே ஊரார் சொல்லிவிடுவார்கள்.

நாளும் நேரமும்கூட அப்படித்தான். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பகலின் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. அதனால் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள்; நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. இரண்டு மணிக்கு வரச் சொன்னால் காலை எட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்கிற கிரெம்த் மழை ஓய்கிற சமயத்தில், செப்டம்பர் 11 வாக்கில், புத்தாண்டு. அப்போதுதான் மலையெல்லாம் மஞ்சள் நிற அதெய் அபெபா பூக்கும். சிறுமிகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பாடி வருவார்கள்.

டானகில் பள்ளத்தில் அஃபார் மக்கள் உப்பைப் பாளமாக வெட்டி ஒட்டகத்தில் ஏற்றி மேட்டுக்கு அனுப்பினார்கள். அமோலே எனப்படும் அந்த உப்புக் கட்டி 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை பணமாகவே புழங்கியது.

இதை வைத்து "நிலம்தான் மனிதர்களின் தலையெழுத்து" என்று சிலர் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அதே உயரமும் மழையும் உள்ள மலைகள் வேறு நாடுகளிலும் இருக்கின்றன. பக்கத்து எரித்ரியாவைத் தவிர அங்கெல்லாம் யாரும் தெஃப்பைத் தினச் சாப்பாடாக்கவில்லை. விளைச்சல் குறைவு, களையெடுப்பு அதிகம் என்று தெரிந்தும் இவர்கள் அதை விடாமல் பயிரிடுகிறார்கள். அது அவர்களாக எடுத்த முடிவு. விறகுத் தட்டுப்பாட்டால் அடிஸ் அபாபா தள்ளாடியபோது, இரண்டாம் மெனெலிக் மன்னர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வரவழைத்து நட்டார்கள். இன்று அது இல்லாமல் நகரை ஒட்டிய என்தோத்தோ மலையை நினைத்துப் பார்க்கவே முடியாது. சுள்ளியும் இலையும் கட்டி, முதுகு வளைய அந்தச் சரிவில் இறங்கும் பெண்களைக் கண்டவர்களுக்கு எரிபொருள் என்பது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரியும்.

அதனால்தான் மின்சாரத்துக்காக நீல நைல் ஆற்றின் மீது கட்டிய பேரணைக்கு அரசு ஊழியர்கள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தார்கள், சாதாரண மக்களும் கடன் பத்திரம் வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் திறந்தார்கள். அந்த மின்சாரம் கிராமத்து அடுப்படி வரை எப்போது போகும் என்பதுதான் இப்போது என் மாணவர்கள் என்னிடம் பேசுகிற பேச்சு.